ஹேக்லர் ரசிகனின் கணக்குத் தாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த பீஸை எடுப்போம். "மொத்தத்துல நல்லாத்தான் இருக்கு" என்று எதையும் தள்ளிவிட முடியாது. குத்துச்சண்டையை நான் பல வருடம் அப்படிப் பார்க்கவில்லை.

எனக்குக் குத்துச்சண்டை வீரர் மார்வின் ஹேக்லர் என்றால் உயிர். 1987 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகாஸில் சுகர் ரே லியோனார்டிடம் அவர் தோற்றது அநியாயம் என்று பேக்கரியில் டீ ஆறிப்போகும்வரை மாப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவன் லியோனார்டு கட்சி. போன தீபாவளி லீவில்தான் இருவரும் அந்தச் சண்டையின் வீடியோவைப் போட்டு, நடுவர்கள் மாதிரி ரவுண்டு ரவுண்டாகப் புள்ளிக் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் டிவி சத்தத்தை நிறுத்திவிடுங்கள். வர்ணனையும் கூட்டத்தின் கூச்சலும் நம் கையைப் பிடித்து எழுத வைத்துவிடும். தாளில் 12 கட்டம் போட்டு, ஒரு ரவுண்டு முடிந்ததும் அந்த ஒரு நிமிட ஓய்விலேயே எழுதிவிடுங்கள். ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, விழுந்து எழுந்தால் பெரும்பாலும் 8. எழுதியதைத் திருத்தக் கூடாது. சுத்தமாக விழுந்த குத்துக்குத்தான் மதிப்பு. சும்மா முன்னேறிக்கொண்டே போவதற்குப் புள்ளி கிடையாது. நான் ஏமாந்தது இதில்தான். ஹேக்லர் துரத்துவதையெல்லாம் அடித்ததாகவே எண்ணியிருந்தேன்.

லியோனார்டு ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் படபடவென்று குத்திக் கண்ணைப் பறித்துவிடுவார். அதனால் நிமிடத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம், ஹேக்லருக்குச் சிவப்பு, அவருக்கு மஞ்சள். வழக்கமாக இடதுகைக்காரர் போல நின்று ஆடும் ஹேக்லர், தொடக்கத்தில் வலதுகைக்காரர் போல நின்று ஆடிய ரவுண்டுகளில் மஞ்சள்தான் நிறைந்தது. கூட்டிப் பார்த்தால் 115-113, லியோனார்டு. மூன்று நடுவர்களில் ஒருவர் அதே கணக்கை ஹேக்லருக்கும், இன்னொருவர் லியோனார்டுக்கும் கொடுத்தார்கள். மூன்றாமவர் போட்டது 118-110. ஹேக்லருக்கு இரண்டே ரவுண்டா? அதை இன்றும் ஏற்க மாட்டேன்.

அப்புறம், இரண்டு பெரிய சண்டைகளை ஒப்பிடும்போது உங்கள் ஆளுக்குச் சொல்லும் சமாதானத்தை எதிராளிக்கும் சொல்லிப் பாருங்கள். 1971இல் ஜோ ஃப்ரேசியரிடம் முகமது அலி தோற்றதற்கு, "மூன்றரை வருடம் ஆட விடவில்லை, திரும்பி வந்து இரண்டே சண்டைதான் ஆடியிருந்தார்" என்பேன். மாப்பிள்ளை கேட்டான்: "லியோனார்டு ஹேக்லர் சண்டைக்கு முந்தி அஞ்சு வருசத்துல ஒரே சண்டைதானுங்க மாமா ஆடியிருந்தாரு. அப்படீன்னா அவர் ஜெயிச்சது இன்னும் பெருசு, இல்லீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. ஹேக்லர் 1985இல் தாமஸ் ஹேர்ன்ஸை வீழ்த்திய அந்த எட்டு நிமிட அனலை இதோடு ஒரே தராசில் வைக்க வேண்டாம். அது வேறு ரகம்.

முதல்முறை கணக்குப் போடுபவர்கள் யார்மீதும் பாசம் இல்லாத சண்டையை எடுங்கள். 2024 மே 18, ரியாத், ஒலெக்சாண்டர் உசிக் - டைசன் ஃபியூரி. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து தடுமாறும்போது ரெஃப்ரி எண்ணத் தொடங்குவார். கயிறு தாங்கியதால்தான் அவர் விழவில்லை, அதுவும் விழுந்த கணக்குதான். அதற்கு உசிக்குக்கு 10-8 போடுங்கள். நடுவர்கள் கொடுத்தது உசிக்குக்கு 115-112, 114-113, ஃபியூரிக்கு 114-113. அந்த 8ஐ 9 ஆக்கிக் கூட்டிப் பாருங்கள். ஒரு தாள் உசிக்குக்கு, ஒன்று ஃபியூரிக்கு, மூன்றாவது 114-114. சண்டையே டிரா.