மெல்லிய வளைதகட்டை 5 அச்சு மெசினில் வெட்ட எந்த டூல்பாத் (கட்டர் போகும் பாதை)?

டையில் (வார்ப்பு அச்சில்) அழுத்தி எடுத்த 1.5 மிமீ அலுமினிய மூடி ஒன்றை உதாரணத்துக்கு எடுப்போம். திருகோணமலையில் கொட்பே பக்கம் நிற்கிற மீன்பிடிப் படகுகளின் எஞ்சினுக்குப் போடக்கூடிய மாதிரி மூடி: நாலு பக்கமும் வளைவு, நடுவில் ஒரு ஜன்னல், ஆறு துளை, சுற்றிவர வெட்டி எடுக்கவேண்டிய மிச்சத் தகடு. மெசினில் ஐந்து அச்சு (மூன்று நேர் அசைவு, இரண்டு சுழற்சி) இருக்கிறது என்பதற்காக ஐந்தையும் ஒரேநேரத்தில் ஓடவிடத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான்.

படி 1: முதலில் பிடிப்பு

மூடியின் உள்வடிவத்தில் செய்த கட்டையில் தகட்டை உட்காரவைத்து வக்கியூமால் இழுத்துப் பிடியுங்கள். மானி மைனஸ் 80 கிலோபாஸ்கல் காட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ அமுக்கம். 200 சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ. பெரிதாகத் தெரியும். ஆனால் கட்டர் தள்ளுவது பக்கவாட்டில், அங்கே தாங்குவது உராய்வு மட்டும்தான். ஆகவே தகடு வழுக்காமல் தடுக்கும் இரண்டு பின் (ஊசி) கட்டாயம் வேண்டும்.

வெட்டுக்கோட்டின் அடியில் கட்டையில் 8 மிமீ அகலம், 4 மிமீ ஆழத்தில் தவாளிப்பு எடுங்கள். 6 மிமீ கட்டரின் நுனி தகட்டைத் தாண்டி 2 மிமீ கீழே போகட்டும். ஜன்னலையும் ஒவ்வொரு துளையையும் சுற்றித் தனி ரப்பர் போடாவிட்டால், முதல் துளை விழுந்தவுடனேயே காற்று புகுந்து பிடி விட்டுவிடும். கூலன்டை ஊற்றவும் வேண்டாம், பம்பு குடித்துவிடும். தூறலாக அடித்தால் போதும்.

படி 2: தகட்டைத் தொட்டுப் பாருங்கள்

டையிலிருந்து வந்த தகடு கொஞ்சம் விரிந்திருக்கும். பிடித்த பிறகு விளிம்போரமாக விரலால் தட்டுங்கள். டப் டப் என்று சத்தம் வருகிற இடம் வெட்டும்போது அதிரும். அந்த அதிர்வை எந்த டூல்பாத்தாலும் சரிசெய்ய முடியாது. கட்டையைத்தான் திருத்த வேண்டும்.

படி 3: 3+2 (இரண்டு சுழல் அச்சைச் சாய்த்துப் பூட்டி, மிச்சம் மூன்றில் வெட்டுவது) போதுமா?

கட்டர் தகட்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் 10 பாகை சரிந்தால், 1.5 மிமீ தடிப்பில் விளிம்பின் மேலும் கீழும் 0.26 மிமீ வித்தியாசப்படும் (1.5 பெருக்கல் டான் 10). 20 பாகையில் 0.55 மிமீ. வரைபடம் ±0.5 மிமீ விட்டுக்கொடுத்தால், 10 பாகை வரை சரிவு பிரச்சினையே இல்லை.

ஆகவே விளிம்பைத் துண்டுதுண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டுக்குள் சரிவு 10 பாகையைத் தாண்டாவிட்டால் இரண்டு சுழல் அச்சையும் பூட்டி, சாதாரண 3 அச்சுப் பாதையாகவே வெட்டுங்கள். பூட்டிய அச்சு குலுங்காது, வெட்டும் துப்புரவாக வரும். துண்டுகள் சந்திக்கும் இடத்தில் 3 மிமீ மேவவிட்டு, மிச்சத் தகட்டுப் பக்கமிருந்து வில்போல உள்ளே வாருங்கள். நேராக இறக்கினால் வடு விழும். துளைகளுக்கும் ஜன்னலுக்கும் 3+2 தாராளம். மெல்லிய தகட்டில் சாதாரண டிரில் துளையை முக்கோணமாக்கும். சிறிய எண்ட்மில்லை (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) சுருள்பாதையில் இறக்குவது நல்லது.

படி 4: ஐந்தும் ஓடவேண்டிய இடம்

இறுக்கமான மூலைகளில் மட்டும். அங்கே நுனிக் கட்டுப்பாடு (அச்சுகள் சுழன்றாலும் கட்டரின் நுனியைப் பாதையிலேயே வைத்திருப்பது) இயங்க வேண்டும். கன்ட்ரோலரைப் பொறுத்து கட்டளை மாறும்: ஃபனுக்கில் ஜி43.4, சீமென்ஸில் டிராஓரி, ஹைடன்ஹைனில் எம்128. மேசை சுழலும் மெசினில் கட்டரின் அச்சு மேசையின் சுழலச்சோடு ஒரே கோட்டுக்கு வரும்போது மேசையைச் சுழற்றும் சி அச்சு திடீரென்று சுற்றும், ஊட்டம் (கட்டர் நகரும் வேகம்) படுத்துவிடும், அந்த இடத்தில் விளிம்பு கடிபடும். கட்டையையே 15 பாகை சாய்த்துப் பூட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படி 5: கட்டரும் வரிசையும்

அலுமினியத்துக்கு ஒற்றைப்பல் 6 மிமீ, கீழ்நோக்கித் தள்ளும் சுருள். மேல்நோக்கி இழுக்கும் சுருள் தகட்டைக் கட்டையிலிருந்து பிடுங்கும். சுழற்சி நிமிடத்துக்கு 18,000, பல்லுக்கு 0.05 மிமீ, ஊட்டம் நிமிடத்துக்கு 900 மிமீ. ஸ்டெயின்லெஸ் என்றால் நாலுபல் கார்பைட், சுழற்சி 3,200, ஊட்டம் 250. இடையில் நிறுத்தாதீர்கள், நின்ற இடத்தில் தகடு கடினமாகிவிடும்.

முதலில் துளை, பிறகு ஜன்னல், கடைசியில் வெளிவிளிம்பு. கடைசியில் பறப்பது மூடி இல்லை, யாரும் பிடிக்காத மிச்சத் தகடு. 4 மிமீ அகலம், 0.4 மிமீ தடிப்பில் ஆறேழு இணைப்பு விட்டு வெட்டி, மிச்சத்தைக் கையால் முறித்து எடுத்து அரம் போடுங்கள்.