நடுவில் தொய்ந்த த்ரில்லர் திரைக்கதையை நிமிர்த்திய விதம்

என் த்ரில்லர் திரைக்கதையின் முதல் அரை மணி நேரம் பறந்தது. அதன்பின் துப்பு, விசாரணை, மறுபடி துப்பு என்று ஒரே இழுவை. சேஸ் காட்சி சேர்த்தும் பயனில்லை.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) மறுபடி பார்த்தேன். பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் நாயகி, பாதிப் படம் முடியுமுன்பே தங்கிய விடுதியில் கொலையாகிறாள். பணத் திருட்டுக் கதை அங்கேயே செத்துப்போய், 'விடுதிக்குப் பக்கத்து வீட்டில் இருப்பது யார்?' என்ற வேறு கேள்வி கிளம்புகிறது. அதிர்ச்சி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பார்ப்பவர் மனதிலுள்ள கேள்வியையே மாற்றுவதுதான் திருப்பம்.

கொலையாளி யாரென்பதை கிளைமாக்ஸிலிருந்து படத்தின் நடுவுக்கு நகர்த்தினேன். நமக்குத் தெரியும், நாயகனுக்குத் தெரியாது. கொலையாளியும் நாயகனும் சும்மா பேசிக்கொள்ளும் பழைய காட்சி, ஒரு வரிகூட மாற்றாமலே பதற வைத்தது!

கிளைமாக்ஸுக்கு 'ஏன் கொன்றான்?' மிச்சமிருந்தது. அதற்கான தடயங்களை முன்பாதி வசனங்களில் ஒளித்து வைப்பதுதான் அதிக நேரம் தின்றது.