குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடாத தவறுகள்

எடை ஏறி, தானாகப் பால் குடிக்கத் தொடங்கிய குழந்தையை மருத்துவமனையிலிருந்து தூக்கிக்கொண்டு வரும்போது, கண்டமெல்லாம் தாண்டிவிட்டதாகத்தான் தோன்றும். கவனம் தளர்வதும் அப்போதுதான்.

அதிகம் குழம்புவது வயதுக் கணக்கில். 37 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது உண்டு. பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது ஒன்று. பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணும் 'திருத்திய வயது' இன்னொன்று. தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது இதற்கெல்லாம் ஏறக்குறைய 2 வயது வரை திருத்திய வயதைத்தான் பார்க்க வேண்டும். 8 வாரம் முன்னதாகப் பிறந்த 6 மாதக் குழந்தை, வளர்ச்சியில் 4 மாதக் குழந்தைதான். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது. பொதுவாக அங்கே பிறந்த தேதிதான் கணக்கு. "இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று பெற்றோர் தாங்களாகவே தள்ளிப்போடுவது பெரிய தவறு. தொற்று வந்தால் தாங்க முடியாதவர்கள் இந்தக் குழந்தைகள்தானே!

கண் பரிசோதனையும் அப்படித்தான். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளருமுன் பிறந்துவிடுவதால், பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறிக்கலாம். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். சிகிச்சைக்கான காலமோ சில வாரங்கள்தான். மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

அப்புறம், "அழுவதே இல்லை, சமத்து" என்று மகிழ்வது. பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடக்கும் குழந்தை சமத்தாக இல்லை, நோயுற்றிருக்கலாம். தொற்று வந்தால் காய்ச்சல்தான் அடிக்கும் என்பதில்லை, உடல் சில்லிட்டும் போகலாம். அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்து வீட்டிலும் அப்படியே செய்பவர்கள் உண்டு. அங்கே மூச்சையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்க மானிட்டர் இருந்தது. வீட்டில் எப்போதும் மல்லாக்கத்தான், தலையணை இல்லாமல். சூடு வேண்டுமென்றால் போர்வைகளை அடுக்காமல், நீங்கள் விழித்திருக்கும்போது நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள், அப்பாவும் செய்யலாம்.