வெளிநாட்டில் மொபைல் டேட்டா: இலங்கை சிம்மைக் கழற்றாமல் சமாளிப்பது எப்படி?

வெளிநாட்டில் டேட்டாவுக்கு மூன்று வழி உண்டு. நம் சிம்மிலேயே ரோமிங் (அதாவது நம் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்துவது) பேக்கேஜ் போடலாம், போய் இறங்கிய இடத்தில் லோக்கல் சிம் வாங்கலாம், இல்லாவிட்டால் இங்கிருந்தே போனில் ஏற்றிக்கொண்டு போகும் பயண இ-சிம், அதாவது பிளாஸ்டிக் கார்ட் இல்லாத சிம். ஓரிரு நாள் என்றால் ரோமிங் பேக்கேஜே போதும். மாதக்கணக்கில் நிற்பவர்களுக்கு லோக்கல் சிம்தான் லாபம். இடைப்பட்ட பயணங்களுக்கெல்லாம் நான் சொல்வது இ-சிம். எதை எடுத்தாலும் இலங்கை நம்பர் போனிலேயே இருக்க வேண்டும். கார்ட்டில் பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஓடிபி (ஒரு முறை மட்டும் பயன்படும் ரகசிய எண்) அந்த நம்பருக்குத்தானே வரும்.

படி 1: போன் இ-சிம் ஏற்குமா?

*#06# அடியுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி என்று 32 இலக்க எண்ணும் வந்தால் ஏற்கும். ஐபோன்களில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் மொடலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கொழும்பில் லிபர்ட்டி பிளாசாவிலும் யூனிட்டி பிளாசாவிலும் பல நாட்டுப் போன்கள் விற்பனைக்கு வருகின்றன. சீனச் சந்தைக்கென்று செய்த ஐபோன்களில் இரண்டு சிம் போடலாம், இ-சிம் பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவுக்கென்று செய்த ஐபோன் 14 முதலானவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது. அந்தப் போன் வைத்திருப்பவர்களுக்கு வெளிநாட்டிலும் பிளாஸ்டிக் சிம் வாங்கிப் பயனில்லை.

படி 2: வீட்டு வைஃபையிலேயே ஏற்றுங்கள்

இ-சிம்மை ஏற்றவே இணையம் வேண்டும். விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வரும் கியூஆர் குறியை இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து வைத்து ஸ்கேன் பண்ணுங்கள். பெரும்பாலும் அதை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஆகவே, ஏற்றிய இ-சிம் வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு டிலீட் பண்ணிவிடாதீர்கள். வாங்குமுன் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று வாசியுங்கள். சிலவற்றில் ஏற்றிய உடனே தொடங்கும், சிலவற்றில் அந்த நாட்டு நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகு.

படி 3: ரோமிங் பட்டன்

அநேகம் பேர் தடுமாறுவது இங்கேதான். "ரோமிங்கை மட்டும் ஒன் பண்ணிடாதே" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் பெரியம்மா சென்னையில் இறங்கியபோதும் அதைத்தான் நினைவில் வைத்திருந்தார். இ-சிம்மில் சிக்னல் வந்தது, இணையம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் உதவி செய்கிறேன் என்று இரண்டு சிம்மிலும் ரோமிங்கை ஒன் பண்ணிக் கொடுத்திருக்கிறார். இணையம் வந்தது. ஹோட்டலுக்குப் போவதற்குள் இலங்கை சிம்மில் போட்ட ரீலோட் காலி.

டேட்டா ரோமிங் பட்டன் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி. பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தினுடையது. சென்னையில் அதுவும் ரோமிங்கில்தான் ஓடுகிறது. ஆகவே இ-சிம்மில் டேட்டா ரோமிங் ஒன், இலங்கை சிம்மில் ஓஃப். டேட்டாவுக்கு எந்த சிம் என்ற இடத்தில் இ-சிம்மைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் அதே பக்கத்தில் 'அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒன்று இருக்கும், அதையும் ஓஃப் பண்ணுங்கள். அது ஒன்னில் இருந்து, இலங்கை சிம்மிலும் ரோமிங் ஒன்னில் இருந்தால், போன் தானாகவே அந்தப் பக்கம் தாவும். சில அண்ட்ராய்டு போன்களிலும் சிம் மேனேஜருக்குள் இதே போன்ற ஒரு பட்டன் உண்டு.

டேட்டாவை ஓஃப் பண்ணினாலும் எஸ்எம்எஸ் வரும். அதற்கு அழைப்பு, எஸ்எம்எஸ் ரோமிங் சேவையைப் புறப்படுமுன் உங்கள் இலங்கை சிம் நிறுவனத்திடம் கேட்டுத் திறந்திருக்க வேண்டும். இறங்கியதும் வீட்டிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அது வந்து சேர்ந்தால் ஓடிபிக்கும் பயமில்லை.

நாட்டுக்கு நாடு

இந்தியாவில் லோக்கல் சிம்முக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் கேட்பார்கள், வாங்கிய உடனே இயங்கும் என்றும் சொல்ல முடியாது. விமான நிலைய இலவச வைஃபையும் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். 2024 ஜனவரியில் எய்ராலோ, ஹொலாஃப்ளை ஆகிய இ-சிம் செயலிகளை அங்கே முடக்கினார்கள். அதனால் சென்னை, திருச்சி போகிறவர்கள் கொழும்பிலேயே வேலையை முடித்துவிடுங்கள். சிங்கப்பூரில் இந்தச் சிக்கலில்லை, சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கலாம்.

சரக்கெடுக்க சீனாவின் குவாங்சோ போகும் புறக்கோட்டை வியாபாரிகள் லோக்கல் சிம் போட்டால் வாட்ஸ்அப், கூகுள் எதுவும் திறக்காது, அங்கே அவற்றைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ரோமிங்கில் டேட்டா பொதுவாகச் சீனாவுக்கு வெளியே போய்த்தான் இணையத்தில் சேரும். ஆகவே அங்கே ரோமிங் பேக்கேஜோ பயண இ-சிம்மோதான் கைகொடுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாடுகளிலும் மேலதிகக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், அளவுக்கு ஒரு வரம்பு மட்டும் இருக்கும். பாரிஸில் வாங்கியது ஜெர்மனியில் ஓடும். சுவிஸும் லண்டனும் இந்த விதிக்குள் வராது. சித்தி வீடு சூரிச்சில் என்றால் சுவிட்சர்லாந்தின் பெயரும் பட்டியலில் உள்ள இ-சிம்மாகப் பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை: புது சிம்மைக் கண்டதும் வாட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்கிறதே, என்ன செய்வது என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். பழைய நம்பரையே வைத்திருங்கள் அக்கா, வாட்ஸ்அப் எந்த சிம்மின் டேட்டாவிலும் ஓடும். இன்னொன்று: ரோமிங்கில் இருக்கும்போது இலங்கை நம்பருக்கு வரும் அழைப்பை எடுத்தால் பொதுவாக உங்களுக்கும் காசு வெட்டுவார்கள். வாட்ஸ்அப்பிலேயே எடுக்கும்படி வீட்டில் முதலே சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.