அழாமல் பிறந்த குழந்தையும் ஸ்டெம் செல் சிகிச்சையும்: எல்லையோரக் குடும்பங்கள் செய்ய வேண்டியது

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கத்துக்காரர்கள் பிரசவத்துக்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை என்றால் பாலக்காடா, திருச்சூரா, கோயம்புத்தூரா? குளிரூட்டும் சிகிச்சை (மூளையைக் காக்கக் குழந்தையின் உடல் வெப்பத்தைக் குறைப்பது), வென்டிலேட்டர், எம்.ஆர்.ஐ. மூன்றும் எங்கே இருக்கிறது?

பிறக்கும்போது மூச்சு வராமல் ஆக்சிஜன் கிடைக்காத மூளை ஒரேயடியாகக் கெடுவதில்லை. மூச்சு வந்ததும் தேறுவதுபோல் தெரியும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்றுச் சேதம் தொடங்கும். அதனால்தான் பிறந்த 6 மணி நேரத்துக்குள் குளிரூட்டலை ஆரம்பிக்கிறார்கள். உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் வைத்து, பிறகு மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றுவார்கள். மாதம் நிறைந்து பிறந்து, மிதமான அல்லது கடுமையான பாதிப்புள்ள குழந்தைக்கே இது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிரூட்டிய குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. ஆகவே கருவி இருந்தால் மட்டும் போதாது. எந்தக் குழந்தைக்குச் செய்கிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். வழியில் நீங்களாக ஐஸ் வைக்காதீர்கள். வெந்நீர் பாட்டிலும் வேண்டாம். சூடு ஏறினால் மூளைச் சேதம் கூடும்.

108 வண்டியில் ஏற்றுமுன் ஒரு சீட்டு வாங்குங்கள்: பிறந்த நேரம், 1, 5, 10 நிமிட ஆப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் போடுவது), தொப்புள்கொடி ரத்தத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு), சர்க்கரை அளவு, வலிப்பு வந்த நேரம், கொடுத்த மருந்து. பிறந்த நேரம் தெளிவாக இல்லையென்றால் போய்ச் சேரும் மருத்துவமனையில் அந்த 6 மணி நேரக் கணக்கே போடமுடியாது.

இனி ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். இந்தப் பாதிப்புக்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இங்கே இந்தச் செல்கள் புது மூளைச் செல்லாக மாறுவதில்லை. கொஞ்ச நாள் இருந்து அழற்சியைத் தணித்து, வளர்ச்சிக்கான பொருட்களைச் சுரக்கின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் பக்கவாதம் வந்த 10 பச்சிளங்குழந்தைகளுக்கு மூக்கு வழியே கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பு திருப்திகரம், பலன் உண்டா என்று சொல்ல அது போதாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டு நடத்திய இரண்டாம் கட்ட ஆய்வு, போதிய குழந்தைகள் சேராமல் பாதியில் நின்றது.

ஆகவே யாராவது ஸ்டெம் செல் சிகிச்சைக்கு விலை சொன்னால், சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் எந்த வயதுக் குழந்தைக்கு, எந்த நோய்க்கு என்று பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு விற்பது இந்த ஆய்வுகளில் சேராது. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலின்படி, பிறக்கும்போது ஆக்சிஜன் கிடைக்காமல் வந்த மூளைப் பாதிப்புக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அதற்குப் பெற்றோரிடம் பணம் வாங்கக்கூடாது.

வீடு திரும்பும்போது எம்.ஆர்.ஐ. படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், அறிக்கை மட்டும் போதாது. செவிப் பரிசோதனை முடிந்ததா என்று பார்த்து, வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் அரசு மாவட்ட முன்தலையீட்டு மையத்தில் பெயர் பதிந்துவிடுங்கள்.