ஆமா போடாத பின்பாட்டு

உள்ளாட்சி பாடத்தை எட்டாம் வகுப்புக்கு நான் வில்லுப்பாட்டாகத்தான் நடத்துகிறேன். கோயில் கொடையில் விடிய விடியக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், மெட்டு சொல்லித்தர வேண்டியதில்லை.

பாட்டுக்கு விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலி அருகே மானூரில், பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1,200 ஆண்டுப் பழையது. ஊர்ச் சபையில் யார் பேசலாம் என்று விதி சொல்கிறது: ஊரில் நிலப்பங்கு, வேதப் படிப்பு, நல்லொழுக்கம் வேண்டும். எந்த யோசனைக்கும் 'வேண்டாம், வேண்டாம்' என்றே முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஒவ்வொன்றுக்கும் 5 காசு தண்டம். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

பிரம்பை வளைத்துக் கயிறு கட்டி நாலு சலங்கை தொங்கவிட்டால் வில் தயார். தாளத்துக்கு மண்குடமும் ஓலை விசிறியும் போதும். ஆறு பேருக்கு ஒரு குழு. விதிகளை எளிய தமிழில் எழுதிக் கொடுத்து, எட்டு வரிப் பாட்டு கட்ட இரண்டு நாள் விடுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான மாற்றம். பின்பாட்டுக்காரர் ஆமா போடக்கூடாது. இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்தி, "அதெப்படி?" என்று கேட்க வேண்டும். பாடுகிறவர் காரணம் சொல்லியே மேலே போகலாம். காரணமில்லாமல் 'வேண்டாம்' என்றால் 5 புளியங்கொட்டையைச் சிரட்டையில் போட வேண்டும்.

போன வருஷம் ஒரு பையன், "நிலம் வச்சிருக்கவன்தான வரி கட்டுதான், அவன்தான் பேசணும்" என்றான். குடம் தட்டிய பிள்ளை விசிறியை நிறுத்தினாள். "நாத்து நடுதது எங்க அம்மை. விளைஞ்சாத்தான வரி?"

வில்லைத் தட்டும் வீசுகோல் கையிலேயே நிற்க, பையனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அந்த இடத்தில் ஆசிரியர் புகுந்தால் எல்லாம் போச்சு. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அப்பம் உழைக்கவங்களும் வரட்டும்" என்று மெட்டிலேயே பாடினான். திருத்திய விதியைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். மதிப்பெண் குரலுக்கு இல்லை, காரணத்துக்குத்தான்.

சரி, அடுத்து 1908. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். இதில் கூட்டம் கோஷம் போடுவதாக நடிக்க விடாதீர்கள், சத்தம்தான் மிஞ்சும். அன்று காலை ஒரு கடைக்காரரும் அவர் மனைவியும் கடையைச் சாத்தலாமா என்று பேசுவதைப் பாடச் சொல்லுங்கள். பாதியில் இருவரும் கட்சி மாறிப் பாட வேண்டும்.