குளிர்ந்த விண்மீனிடை மேகத்தில் குளோரின் எவ்வளவு? புறஊதாக் கோட்டிலிருந்து கணக்கிடும் முறை

மேகம் தானாக ஒளிராது. பின்னால் சூடான விண்மீன் ஒன்று வேண்டும். அதன் புறஊதா ஒளியில் மேகத்து அணுக்கள் விழுங்கிய பங்கைத்தான் அளக்கிறோம்; அது நிறமாலையில் இருண்ட கோடாகத் தெரியும். நான் பழகியது எக்ஸ் பெர்செய் (எச்டி 24534) விண்மீனில்.

குளோரின் ஏன்? குளிர்ந்த மேகத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறாக (H₂) இருக்கும்; குளோரின் அயனி அதோடு சட்டென்று வினைபுரிந்து, கடைசியில் நடுநிலை அணுவாகிவிடும். எனவே நடுநிலைக் குளோரின் தெரிந்தால் அங்கே குளிர்ந்த வாயு இருக்கிறது.

1. மாஸ்ட் (MAST) என்ற விண்வெளித் தொலைநோக்கித் தரவுக் காப்பகத்தில் விண்மீனின் பெயரைத் தேடி, ஹப்பிளின் ஸ்டிஸ் (STIS) நிறமாலைக் கருவி நுண்பிரிப்பு கொண்ட ஈ140எச் (E140H) முறையில் எடுத்த எக்ஸ்1டி (x1d, பிரித்தெடுத்த நிறமாலை) கோப்பை இறக்குங்கள். நடுநிலைக் குளோரினின் 1347, 1363 ஆங்ஸ்ட்ராம் கோடுகள் இரண்டும் அதில் அடங்க வேண்டும்.

2. ஆஸ்ட்ரோபை (Astropy) என்ற பைதான் நிரல் தொகுப்பில் திறவுங்கள். நிறமாலை துண்டு துண்டாக, வரிசைக்கு ஒன்றாக இருக்கும். முதல் வரிசையை மட்டும் வரைந்துவிட்டு "கோடே காணோமே" என்று முழிக்காதீர்கள்.

3. கோட்டின் இருபுறமும் இடம் குறித்து, மூன்றாம் படிக்கு மிகாத வளைகோட்டைப் பொருத்தி, அதால் ஒளியை வகுங்கள். இதைத் தானாகச் செய்யும் நிரல்களை நான் நம்புவதில்லை. கோட்டின் ஓரத்தையும் சேர்த்து அமுக்கிவிடுகின்றன.

4. அலைநீளத்தைத் திசைவேகமாக்கி (கி.மீ./நொடி), வகுத்த ஒளியின் இயல்மடக்கையை எதிர்க்குறியோடு கோடு நெடுகக் கூட்டி, திசைவேகப் படியால் பெருக்குங்கள். அதை 3.768×10¹⁴ஆல் பெருக்கி, அலைவு வலிமை (அந்தக் கோட்டில் அணு எவ்வளவு வலுவாக ஒளியை விழுங்கும் என்ற எண்), அலைநீளம் (ஆங்ஸ்ட்ராமில்) இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கான அணுக்கள். அலைவு வலிமை 1347.24க்கு 0.153, 1363.45க்கு 0.055.

5. நான் வழுக்கியது இங்கேதான். 1347 கோட்டின் அடி சுழியத்தைத் தொடவில்லை. ஆகவே செறிவடையவில்லை (அணுக்கள் கூடினாலும் கோடு அதற்கேற்ப வளராத நிலைக்குப் போகவில்லை) என்று நினைத்து ஒரு வாரம் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தேன். 80 கெல்வினில் குளோரின் அணுக்களின் வெப்பப் பரவல் வெறும் 0.2 கி.மீ./நொடி. கருவி பிரித்தறிவதோ 2.6. கொந்தளிப்பு கொஞ்சம் அகலப்படுத்தினாலும், சுழியம் வரை இறங்கிய ஒல்லிக் கோட்டைக் கருவி பரப்பி, ஆழம் குறைந்ததாகக் காட்டிவிடும்.

இரண்டு கோட்டிலும் தனித்தனியே கணக்கிடுங்கள். பிழை எல்லையையும் தாண்டி 1347 தரும் எண்ணிக்கை 1363 தருவதைவிடக் குறைந்தால், வலுவான கோடு ஏமாற்றுகிறது. 1363-உம் ஆழமாயிருந்தால் வாய்க்ட் (Voigt) வளைவை, அதாவது கோட்டின் உண்மையான வடிவத்துக்கான சூத்திரத்தை, கருவியின் பரப்பலோடு சேர்த்துப் பொருத்துவதே வழி.

பின்சேர்க்கை: இதே முறையை மெக்னீசியம் 2796 கோட்டில் முயன்ற வாசகர் ஒருவருக்கு எல்லாம் 88 கி.மீ./நொடி தள்ளி வந்தது. காற்றில் அளந்த 2795.53ஐப் போட்டிருந்தார், ஸ்டிஸ் தருவது வெற்றிட அலைநீளம், 2796.35.